கதவைத் திறந்தால் புத்தகம் இருக்கணும்

பிள்ளைகளைப் புத்தகத்தின் பக்கம் இழுக்க எங்கள் பள்ளி வாசிப்பு மன்றம் முதன்முதலில் வைத்த காட்சி ஒரு தெர்மாகோல் ரயில். நாலடி நீளம். 'டோட்டோ-சான்' புத்தகத்தில் வருகிற ஜப்பானியச் சிறுமி படித்த டோமோயி பள்ளியில் பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை என்பதால் வந்த யோசனை. செய்தது பிள்ளைகள் இல்லை. நானும் இன்னொரு டீச்சரும் இரண்டு ராத்திரி கண்விழித்து அறுத்து, வர்ணம் அடித்து, ஜன்னலுக்கு ஜிகினா ஒட்டினோம். ஆண்டு விழாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் ரயிலோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் நூலகப் பதிவேட்டைப் புரட்டினேன். அந்தப் புத்தகத்தை எடுத்திருந்தது ஒரே ஒரு ஆள். நான்தான், பெட்டிக்கு எத்தனை ஜன்னல் வைக்கலாம் என்று பார்ப்பதற்காக.

புத்தகம் அப்போது எங்கே இருந்தது தெரியுமா? பூட்டிய கண்ணாடி பீரோவுக்குள். சாவி ஆபீஸ் ரூமில். ரயிலோ விழா மேடைக்குப் பக்கத்தில். பார்த்த பிள்ளைக்கு அது வெறும் ரயில்.

காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மன்றத்தில் இப்போது 14 பிள்ளைகள், ஆறு முதல் எட்டு வரை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு எங்களுடையது. ரயிலுக்குப் பிறகு நாங்கள் செய்துபார்த்ததில் எது நின்றது, எது சரிந்தது, எதைப் பூனை தூக்கிக்கொண்டு போனது என்பதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். உங்கள் பள்ளியில் செய்துபார்க்க நினைத்தால் தெர்மாகோல் செலவாவது மிஞ்சும்.

முதலில் இடமும் நாளும்

நூலக அறைக்குள் வைக்காதீர்கள். அங்கே வருகிற பிள்ளை ஏற்கெனவே புத்தகம் எடுக்கிற பிள்ளை. மற்றவர்கள் சும்மா நிற்கிற இடம் எது என்று பாருங்கள். எங்கள் பள்ளியில் அது சத்துணவுக்குத் தட்டோடு வரிசை கட்டும் வராந்தா. பத்து நிமிஷம் வேறு வேலை இல்லாமல் நிற்கிற பிள்ளை கண்ணில் படுகிற எதையும் படிக்கும், சுவரில் கிறுக்கியதைக்கூட. தட்டு கழுவுகிற குழாய்க்கு மட்டும் நாலு தப்படி தள்ளி வையுங்கள்.

ஆறாம் வகுப்பிலேயே குள்ளமான பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, கண் இருக்கிற உயரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு எழுத்தும் போகக் கூடாது. அங்கே எழுதுவது எல்லாம் நம்மைப் போன்ற பெரியவர்கள் படிப்பதற்குத்தான்.

நாளுக்கு நவம்பர் நல்லது. 7ஆம் தேதி அழ. வள்ளியப்பா பிறந்த நாள், 14 குழந்தைகள் தினம், அன்றைக்கே தேசிய நூலக வாரமும் தொடங்கிவிடும். ஏப்ரல் 2 உலகச் சிறுவர் புத்தக நாள்தான். ஆனால் நமக்கு அது பரீட்சை நேரம், யாருக்கும் மனசு இதில் இருக்காது. நவம்பரில் தொல்லை மழை ஒன்றுதான். சாரல் பட்ட அட்டை இரண்டே நாளில் அப்பளம் போலத் தளர்ந்துவிடும், அதனால் சுவரிலிருந்து ஒரு சாண் விட்டு பெஞ்சு மேல் வைக்கப் பழகிக்கொண்டோம்.

புத்தகத்தைப் பிள்ளை எடுக்கணும்

"உனக்குப் பிடிச்ச புத்தகம் எது?" என்று நேராகக் கேட்டால் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். "நல்ல கருத்து இருக்கு டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்தப் பிள்ளை அந்தப் புத்தகத்தை முடிக்கவில்லை என்று நான் வைத்துக்கொள்வேன். பெரும்பாலும் தப்பாது.

நான் கேட்கிற கேள்வி வேறு. "படிக்கையிலே எந்த இடத்துல புத்தகத்தை மூடிட்டு, பக்கத்துல இருக்கிற ஆளுகிட்ட சொல்லணும்னு இருந்துச்சு?" பக்க எண்ணோடு பதில் வரவேண்டும். வந்தால் அந்தப் பக்கம்தான் காட்சி. முழுக் கதையையும் காட்டப் போனால் ஒன்றும் தேறாது.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி 'குட்டி இளவரசன்' எடுத்துவந்து முதல் அத்தியாயத்தைக் காட்டினாள். சின்னப் பையன் யானையை விழுங்கிய மலைப்பாம்பை வரைகிறான், பெரியவர்கள் எல்லோரும் அதைத் தொப்பி என்கிறார்கள். அவள் செய்தது இவ்வளவுதான்: கெட்டி அட்டையில் அந்தத் தொப்பி உருவத்தை வெட்டி, மேல் விளிம்பில் மட்டும் துணியை ஒட்டி, தூக்கினால் திறக்கிற மூடியாக்கினாள். கீழே யானை. மூடிமேல் "இது என்ன?" என்று எழுதி, பக்கத்தில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டாள், பதில் எழுதச் சொல்லி. மூன்று நாளில் நோட்டில் 40 பதிலுக்கு மேல். பாதிப் பேர் தொப்பி, சிலர் கவிழ்த்த சட்டி, ஒருத்தன் "பிரான்மலை". வாத்தியார்களில் ஒருவர்கூட யானையைச் சொல்லவில்லை என்பதில் அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசின் வாசிப்பு இயக்கச் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நிலைநிலையாக வருகின்றன. தடவித் தடவிப் படிக்கிற எட்டாம் வகுப்புப் பையன் 'நட' வரிசையில் ஒன்றைத் தனக்குப் பிடித்ததாக எடுத்துவந்தால் முகத்தைச் சுளிக்காதீர்கள். பெஞ்சுமேல் எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே உயரம். எங்களிடம் அதிகக் கூட்டம் சேர்த்த காட்சிகளில் ஒன்று அப்படிப்பட்ட ஒரு பதினாறு பக்கப் புத்தகத்துக்குச் செய்தது.

சாமான்

கடைக்குப் போகாதீர்கள், பெரிய வீடுகளுக்குப் போங்கள். செட்டிநாட்டில் கல்யாணப் பத்திரிகையைப் போல நல்ல அட்டை எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்காது. எங்கள் ஊரில் ஒரு ஆச்சி, வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும் வீட்டைத் திறந்து, முப்பது நாற்பது வருஷத்துப் பத்திரிகைக் கட்டுகளையும் புடவைப் பெட்டிகளையும் பலகார டின்களையும் எடுத்துப் போட்டார்கள். "கொண்டுக்கிட்டுப் போங்க டீச்சர். கரையான் திங்கிறதுக்குப் பிள்ளைக வெட்டட்டும்" என்றார்கள். பத்திரிகைகளில் பெயர், ஊர், விலாசம் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து ஒட்டிவிடுங்கள்.

பசைக்கு மைதா போதும். ஒரு பங்கு மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஐந்து பங்கு தண்ணீர் வருகிற மாதிரி ஊற்றி, சிறு தீயில் கண்ணாடி போல ஆகிற வரை கிண்டுங்கள். பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் கைபடுகிற வேலைக்கு வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில் அன்றைக்கு வேண்டிய பசையை அன்றைக்கே காய்ச்சி, மெல்லிசாகத் தடவி, நன்றாகக் காயவிடுங்கள். ஒரு வருஷம் தாராளமாகப் பூசிவிட்டு வீட்டுக்குப் போனோம். திங்கள்கிழமை வந்து பார்த்தால் எலி ஒரு ராட்சசனின் முழங்காலைத் தின்றிருந்தது.

கதவு வீடு

எங்கள் மன்றத்துக்குப் பெயர் வாங்கித்தந்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் நின்று பார்த்தால் கதவுக்குள் கதவாக, வளவு, இரண்டாங்கட்டு என்று பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். சின்னப் பிள்ளைக்கு அப்படிப் பார்த்தாலே உள்ளே ஓடத் தோன்றும். அந்த ஓட்டத்தைப் புத்தகத்துக்குத் திருப்பிவிடலாம் என்று நினைத்தோம்.

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்று வேண்டும். அதிலிருந்து இரண்டடி அகலம், இரண்டரையடி உயரத்தில் நாலு பலகை வெட்டுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் கதவு. முதல் கதவு 18 அங்குல உயரம், 12 அங்குல அகலம். அடுத்தடுத்த கதவுகளை உயரத்தில் இரண்டு அங்குலம், அகலத்தில் ஒரு அங்குலம் குறைத்துக்கொண்டே போங்கள். அளவு குறையக் குறைய உள்ளே ரொம்ப தூரம் போகிற மாதிரி கண் ஏமாறும். கதவை மூன்று பக்கம் மட்டும் அறுத்து, நாலாவது பக்கத்தில் கத்தி முதுகால் அழுத்திக் கோடு போட்டால் கீல் வேண்டாம். மடிகிற இடத்தில் பின்னால் ஒரு துணிப் பட்டி ஒட்டினால் இருநூறு தடவை திறந்தாலும் கிழியாது.

பலகைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதில்தான் நாங்கள் கோட்டை விட்டோம். அழகாக இருக்கட்டும் என்று ஒவ்வோர் அடி விட்டோம். பார்க்க அரண்மனை. ஆனால் கடைசிக் கதவு ஆறாம் வகுப்புக் கைக்கு எட்டவில்லை. ஒரு பையன் தலையையும் தோளையும் நுழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். வீட்டைப் பிரித்துத்தான் அவனை வெளியே எடுத்தோம். அரையடி விடுங்கள். மொத்தம் ஒன்றரை அடி ஆழம், எந்தப் பிள்ளைக்கும் எட்டும். மேலேயும் கீழேயும் ஆசாரியிடம் கேட்டு வாங்கிய ரீப்பர் கட்டைகளால் நாலு பலகையையும் இணைத்துவிட்டால் காற்றுக்கு ஆடாது.

கதவில் சித்திர வேலை வேண்டுமே? வரைய வைக்காதீர்கள், எல்லோரும் ஒரே மயிலைத்தான் வரைவார்கள். வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு நிஜக் கதவுக்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மெல்லிய வெள்ளைக் காகிதத்தை மரச் செதுக்கலின் மேல் வைத்து இரண்டு பேர் அசையாமல் பிடிக்க, மூன்றாவது ஆள் மெழுகுக் கிரேயானைப் படுக்கப்போட்டு மெல்லத் தேய்த்தால் கொடியும் பூவும் அப்படியே காகிதத்தில் எழுந்து வரும். முதலில் உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்துவிடுங்கள். நிலைக்கு மேலே இருக்கிற கஜலட்சுமியைத் தேய்க்க ஸ்டூல் போட்டு ஏற ஒரு கும்பலே தயாராக இருந்தது. நான் விடவில்லை. எட்டுகிற உயரத்தில் இருப்பதே போதும்.

இனி உள்ளே என்ன? முதல் கதவின் வெளியே பிள்ளை எழுதிய ஒரே ஒரு வரி. அதைத் திறந்தால் கதையில் வருகிற ஒரு பொருள். இரண்டாவதைத் திறந்தால் அந்தப் பொருள் யாருடையது என்பதற்கு ஒரு சின்னத் துப்பு. மூன்றாவதில் ஒரு கேள்வி. பதில் எந்தப் பக்கத்தில் என்று எண் மட்டும் இருக்கும். நாலாவது கதவுக்குப் பின்னால் புத்தகமே இருக்கும், நிமிர்ந்து, அட்டை தெரிய. சங்கிலி, நூல், எதுவும் கட்டாதீர்கள். எடுத்துக்கொண்டு போகத்தான் வைத்திருக்கிறோம். பக்கத்தில் பதிவேடும் பென்சிலும். எடுக்கிற பிள்ளை தானே எழுதிவிட்டுப் போகட்டும்.

"தொலைஞ்சு போயிட்டா?" என்று கேட்பார்கள். எங்களிடம் இதுவரை இரண்டு தொலைந்திருக்கின்றன. பூட்டி வைத்த காலத்தில் ஒன்றுகூடத் தொலையவில்லை, படிக்கப்படவும் இல்லை. ஒரே பிரதிதான் இருக்கிறது, யாரோ எடுத்துப்போய்விட்டார்கள் என்றால் அந்த இடத்தில் ஒரு சீட்டு: "உங்கள் பேரை எழுதுங்கள், வந்ததும் சொல்கிறோம்." ஒருமுறை அந்தச் சீட்டில் ஒன்பது பெயர் சேர்ந்தது. பத்தாவதாக வந்தவன் என்ன புத்தகம் என்றுகூடத் தெரியாமல் பெயர் எழுதினான்.

பூக்கல் தரை

கும்பலாக வேலை செய்ய இது தோது. ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற பூக்கல் செய்வதைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கண்ணாடித் தட்டின் மேல் சட்டம் வைத்து, அதற்குள் தகட்டு அச்சை இறக்கி, அறை அறையாக வர்ணத்தை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு மேலே சிமெண்டு, மணல் கலவையைப் போட்டு அமுக்கி, பிறகு தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியை ஒட்டிக்கொண்டு குப்புறக் கிடக்கிற பக்கம்தான் கடைசியில் நாம் மிதிக்கிற முகம்.

அந்தக் குப்புறத்தைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். எட்டு அங்குலச் சதுரத்தில் 16 அட்டை, நாலுக்கு நாலு. முகத்தில் புத்தகத்தில் வருகிற ஏதோ ஒன்றைப் பூக்கல் வடிவமாக வரையவேண்டும், மூன்று நிறத்துக்கு மேல் கூடாது. முதுகில் அந்தப் பிள்ளை புத்தகத்தில் கண்டெடுத்த ஒரு வரியும் பக்க எண்ணும். திண்ணையில் பரப்பி வைத்தால் முதலில் தரை மாதிரித்தான் தெரியும். ஒருத்தர் ஒன்றைப் புரட்டிவிட்டால் அப்புறம் 16ஐயும் புரட்டாமல் போவதில்லை. மூன்று நிறம்தான் என்கிற விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். தளர்த்திய வருஷம் தரை பொங்கல் கோலப் போட்டி மாதிரி ஆகிவிட்டது.

கொட்டான்

கொட்டான் என்கிற பனையோலைக் கூடையின் வாயில் பழைய கண்டாங்கிச் சேலைத் துண்டைக் கட்டி, கை நுழைகிற அளவு ஓட்டை விடுங்கள். உள்ளே கதையின் பொருள். பார்க்காமல் தொட்டு, எந்தப் புத்தகம் என்று சொல்லவேண்டும். டோட்டோ-சானை மறுபடி எடுத்தபோது பிள்ளைகளே தேர்ந்தார்கள். டோமோயி பள்ளித் தலைமையாசிரியர் மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்கட்டும் என்பார். அதனால் ஒரு கொட்டானில் சேப்பங்கிழங்கு, இன்னொன்றில் தொண்டிப் பக்கத்து நெத்திலிக் கருவாடு. முதல் நாள் பிரமாதம். இரண்டாம் நாள் காலையில் கடல் இருந்த கொட்டானைக் காணோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காலியாகக் கிடந்தது. பள்ளிக்கூடத்துப் பூனை பக்கத்திலேயே படுத்திருந்தது. பழைய ரயில் டிக்கெட் போட்ட கொட்டான் மட்டும் கடைசி வரை பத்திரம்.

பஸ் போர்டு

எழுத்தாளர் படத்தை ஒட்டி, கீழே பிறந்த தேதி, இயற்றிய நூல்கள் என்று சார்ட் எழுதுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதைப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் போதுமானவரை பார்க்கிறார்கள். நாங்கள் டவுன் பஸ் போர்டு எழுதினோம். நீள அட்டை, மஞ்சள் பூச்சு, கறுப்பு எழுத்து. ராயவரம், தேவகோட்டை, அரிமளம்.

போர்டைத் தூக்கினால் பின்னால் ஆள் இருப்பார். ராயவரத்துக்குப் பின்னால் 1922இல் அங்கே பிறந்த வள்ளியப்பா, 'மலரும் உள்ளம்' பாட்டுப் புத்தகத்தோடு. அரிமளத்துக்குப் பின்னால் 1925இல் பிறந்த வாண்டுமாமா. தேவகோட்டைக்குப் பின்னால் படமே வைக்கவில்லை, ஒரு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மட்டும். தாத்தாக்கள் யாராவது பள்ளிக்கு வந்தால் "அட, தமிழ்வாணன்!" என்று சிரித்துக்கொண்டே பேரனுக்குக் கதை சொல்ல நின்றுவிடுவார்கள். அவர் கதைகளில் துப்பறிகிற சங்கர்லால் பேரைக் கேட்டாலே சிலருக்கு இருபது வயசு குறைகிறது.

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ராயவரம் போர்டைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றது. "எங்க அத்தை வீடு அங்கதான் டீச்சர். அங்கயா புத்தகம் எழுதுறவுக இருந்தாக?" அந்த வாரமே அவள் வந்து இரண்டு பாட்டை மனப்பாடமாகச் சொன்னாள். உங்கள் பஸ் போகிற ஊர்களில் யார் பிறந்தார்கள் என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள். வேறு மாவட்டத்தில் இருந்தால் இந்த மூன்று பேரை அப்படியே எடுத்து எழுதிப் பயனில்லை.

எழுத்து

ஒரு காட்சிக்கு ஒரு வரி. பிள்ளையின் கையெழுத்தில். எழுத்துப்பிழையைப் பென்சிலில் திருத்திக்கொடுப்பேன், பேச்சைத் திருத்த மாட்டேன். "ரெம்ப" என்று எழுதினால் ரெம்பதான். "இதுல ஒரு ஆளு அழுவாரு. யாருன்னு சொல்ல மாட்டேன்" என்று ஒருத்தன் எழுதியதை நான் "இந்நூலில் ஒரு கதாபாத்திரம்" என்று மாற்றியிருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

முடிவை மட்டும் யாரும் சொல்லக்கூடாது. செய்த பிள்ளைகளை முதல் இரண்டு நாள் இடைவேளையில் காட்சிக்குப் பக்கத்தில் நிறுத்துவேன், விளக்கம் சொல்ல அல்ல, கேட்டால் "படிச்சுப் பாரு" என்று சொல்ல. அவர்களுக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமான வேலை.

பிரிக்கிற நாள்

இரண்டு வாரம். அதற்கு மேல் வைத்தால் சுவரோடு சுவராகிவிடும், தூசி படிந்த காட்சி புத்தகத்தைப் பழசாக்கிவிடும். கதவு வீட்டை அடுத்த வகுப்புக்குக் கொடுத்துவிடுங்கள், கதவுக்கு மேல் காகிதத்தை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். பூக்கல் அட்டைகளைச் செய்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்.

எழுதிய சீட்டுகளை மட்டும் நான் தூக்கிப்போடுவதில்லை. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் புத்தகம் மட்டுமில்லாமல் நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் எறிகிறதையும் சேர்த்துவைத்தார். அவர் சேகரிப்பு இன்றைக்குச் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. நான் அவ்வளவு தூரம் நினைக்கவில்லை. எட்டாம் வகுப்பு முடித்துப் போகிறவன் ஆறாவதில் எழுதிய சீட்டைக் கேட்டு வருவான், கொடுக்க இருக்கவேண்டுமே. வருஷத்துக்கு ஒரு பலகார டின், மூடிமேல் வருஷம், உள்ளே உலர்ந்த வேப்பிலை. டின்னைச் சோப்புப் போட்டுக் கழுவி இரண்டு நாள் வெயிலில் வைத்த பிறகு சீட்டை வையுங்கள். எங்கள் முதல் டின்னில் சீப்புச்சீடை வாசம் போகாமல் இருந்து, தொப்பி என்று எழுதிய பதில் எல்லாவற்றையும் எறும்பு ஓட்டை போட்டுவிட்டது.